மூன்றாம் ஓலை

ஏப்ரல் 28, 1991, ஞாயிறு

ஒரு வழியாகத் தனசிங்கின் அம்மா வாயைத் திறந்தாள். ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அன்னபாக்கியம் என் சேலைத் தலைப்பைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஐயரம்மா, எம்மவன் அந்தப் புள்ளையத்தான் கெட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். நீங்களே பேசி முடிச்சிருங்க" என்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியை என்னமோ பெரிய ரகசியம்போல என் காதோடு சொல்கிறாள். பையன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் காற்று வாங்குவது எதற்காக என்று எனக்குத் தெரியாதாக்கும்.

அந்தப் பிள்ளை வதனி. போன வருஷம் திருகோணமலையிலிருந்து அப்பாவோடு படகில் வந்தவள். அம்மா அங்கேயே ஷெல் விழுந்து செத்துப்போனாள். அப்பா சாமுவேல் யோகராசா தச்சு வேலை தெரிந்தவர், பேச்சு குறைவு. முகாமில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தவர்களைக் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எங்கள் கிருபாபுரம் சபைதான் அழைத்து வந்தது. ஐயர்தான் தாசில்தார் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்து, "இவர்களுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார். சபை குருவான என் வீட்டுக்காரரை ஊரே ஐயர் என்பதால் நானும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

அவர்கள் வந்த அன்று பார்க்க வேண்டுமே. அவர்கள் தங்கக் கொடுத்த பள்ளிக்கூடத்துப் பின்னறையில் அரிசி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், பானை சட்டி ஒரு பக்கம். சேகரக் கமிட்டிச் செயலர் ஞானதுரையின் பெண்டாட்டி பியூலா மிக்சி கொண்டுவந்து வைத்தாள். அந்த அறையில் கரண்டே கிடையாது. இருந்தாலும் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? இப்படி ஒரு சபையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஐயரோடு நாலு ஊர்ச் சேகரம் மாறி வந்தவள் சொல்கிறேன்.

மே 2, வியாழன்

விடுமுறைப் பள்ளி தொடங்கியாயிற்று. சின்ன வகுப்பு வதனிக்கு. அவள் சொல்லிக் கொடுத்து, கிருபாபுரத்துப் பொடிசுகள் எல்லாம் இரண்டே நாளில் "இஞ்ச வாங்கோ, இருங்கோ" என்று பேசுகின்றன. பியூலாவின் பேரன் வீட்டில் போய், "ஆச்சி, எனக்குப் பசிக்குதெண்டு சொல்லுறன்" என்றானாம். பியூலா சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னாள்.

கல்யாணத்தை மே 29 புதன்கிழமை வைப்பது என்று பேசி முடித்துவிட்டோம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்று ஐயர் கோயிலில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் தாண்டிவிட்டால் தாலி கட்டினது மாதிரிதான்.

மே 6, திங்கள்

ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டினோம், நானும் வதனியும். அரிவாள்மணையில் அவள் கை என் கையைவிட வேகம். கல்யாணத்துக்குப் பிறகு முகாம் பதிவெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். "இந்த ஊருக்கு மருமகளானா அப்புறம் ஒன்ன யாரு கேப்பா? எங்க சபைப் பொண்ணு நீ" என்றேன். அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லோணும். ஆரிட்டயும் சொல்லமாட்டியள் எண்டாத்தான்."

"சொல்லு மக்கா."

"எனக்கு ஒரு அண்ணா. சுகந்தன். பதினாறு வயசில, பள்ளிக்கூடத்தால வரேக்க இயக்கத்துப் பெடியள் பிடிச்சுக்கொண்டு போட்டினம். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோட இருக்கிறானோ எண்டுகூடத் தெரியாது. அப்பா எங்கயும் ஒரே பிள்ளை எண்டுதான் பதிஞ்சவர். இது தெரிஞ்சா எங்களைப் பிரிச்சுப் போடுவினம் எண்டு அவருக்குப் பயம். தனசிங்குக்குச் சொல்லிட்டன். உங்களுக்குத்தான் இப்ப சொல்லுறன், நீங்கள் எனக்கு அம்மா மாதிரி."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஐயரிடம்கூடச் சொல்லவில்லை. மாங்காய்க்கு உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

மே 7, செவ்வாய்

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்றுபோல ஒரு ஜெபம் நடந்து எத்தனையோ காலமாயிற்று. வழக்கமாக ஜெபக்குறிப்பு கேட்டால் சர்க்கரை வியாதி, மகன் வேலை, மருமகளின் வாய் இவ்வளவுதான் வரும். இன்று பியூலா, "ஐயரம்மா, ஒங்க பாரம் என்ன?" என்று கேட்டபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெயர் சொல்லவில்லை. "நம்ம நடுவுல தங்கியிருக்கிற ஒரு சகோதரியோட அண்ணன், பதினாறு வயசுல இயக்கத்துக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க இருக்கானோ. அவன் உசிரோட திரும்பணும்" என்று மட்டும் சொன்னேன்.

கூடமே அழுதது. பியூலா முழங்காலில் நின்று தரையை அடித்து அழுதாள். அன்னபாக்கியம் தன் வருங்கால மருமகளின் அண்ணன் என்று புரிந்துகொண்டு மூக்கைச் சிந்தினாள். பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, நம் நடுவே வேறு யார் இருக்கிறார்கள்? ஆண்டவரிடம் வைப்பது யாரிடமாவது சொன்னதில் சேராது. வீட்டுக்கு வரும்போது மனசு பஞ்சு மாதிரி இருந்தது.

மே 12, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. "திருகோணமலை சாமுவேல் யோகராசா மகள் ரூபவதனி" என்று ஐயர் வாசித்தபோது யோகராசா தலையைக் குனிந்துகொண்டார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றதும் ஞானதுரைக்கு இருமல் வந்துவிட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது. அவர் பதறிப்போய், "இருமல்தான் ஐயா, இருமல்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஐயர்கூட.

மே 15, புதன்

தையல்காரர் வதனியின் கல்யாண ரவிக்கையைக் கெடுத்துவிட்டார். கை இறுக்கம். திரும்பக் கொடுத்திருக்கிறேன்.

மே 19, பெந்தெகொஸ்தே ஞாயிறு

இரண்டாம் ஓலை. இருமலும் இல்லை தும்மலும் இல்லை. ஐயர் அந்நியரை உபசரிப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். "கடல் தாண்டி வந்தவர்கள் நம் விருந்தாளிகள் அல்ல, நம் வீட்டார்" என்றபோது ஞானதுரை தலையாட்டினார். ஆராதனைக்குப் பிறகு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆடு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

யோகராசா கோயில் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கிறார். கூலி வாங்க மாட்டேன் என்கிறார். வதனிக்கு என் கல்யாணப் பட்டைக் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை. கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மே 22, புதன்

காலையில் ரேடியோ. ஸ்ரீபெரும்புதூரில் நேற்று ராத்திரி தேர்தல் கூட்டத்தில் குண்டு. முன்னாள் பிரதமர் செத்துப்போனார். ஐயர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ் இல்லை, கடை இல்லை, பால்காரன்கூட வரவில்லை.

யார் செய்தது என்று ரேடியோ சொல்லவில்லை. டீக்கடைக்காரர் அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் மத்தியானத்துக்குள் இயக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஓட்டில் கல் விழுந்தது. ஒன்று, பிறகு ஒன்று. நான் ஓடிப்போய் வதனியையும் அப்பாவையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற முகங்களில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. அவர்களுக்கு நான்தான் ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன்.

யோகராசா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ஐயா, நாங்கள் போறம்." ஐயர், "எங்க போவிய? உக்காருங்க. கலியாணம் நடக்கும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மே 24, வெள்ளி

பியூலா வந்தாள். உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, "அந்தப் புள்ளையோட அண்ணன் இப்ப எங்க இருக்கான்னு ஏதும் தெரிஞ்சிதா ஐயரம்மா?" என்றாள். பதினேழு நாளைக்கு முன்னால் அவனுக்காகத் தரையை அடித்து அழுதவள். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். "இல்ல, நம்ம புள்ளைக படிக்கிற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். விடுமுறைப் பள்ளிக்கு இன்று வந்தவை மூன்றே பிள்ளைகள். அவையும் அன்னபாக்கியத்தின் பேரப்பிள்ளைகள்.

மே 25, சனி

கமிட்டி எங்கள் முன்னறையில் கூடியது. நான் காபி கொண்டுபோனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஞானதுரை நல்ல குரலில்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை. "ஐயா, அந்தப் புள்ள மேல நாங்க குத்தம் சொல்லல. தங்கமான புள்ள. ஆனா நாளைக்கி நீங்க மூணாம் ஓலைய வாசிச்சியன்னா, நான் எந்திரிச்சித் தடை சொல்லுவேன். சொல்லாம இருந்தா என் மனசாட்சி கேக்காது. அவ அண்ணன் இயக்கத்துல இருக்கான். நம்ம பொம்பளைக அத்தன பேருக்கும் தெரியும்."

தட்டு என் கையில் ஆடிக் காபி சிந்தியது. பியூலா புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்! ஜெபத்தில் கேட்டதைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் சொல்கிறவள் என்ன பொம்பளை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எல்லோரும் போன பிறகு ஐயர் கேட்டார். "ஒனக்குத் தெரியுமா சுகிர்தா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லல."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவ கேட்டுக்கிட்டா."

அவர் எழுந்து பிரசங்கம் தயாரிக்கப் போனார். நான் தரையைத் துடைத்தேன். காபிக் கறை போகவில்லை.

அவர் வாசிப்பார். பத்தொன்பது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். யாராவது எழும்பித் தடை சொன்னால் அதை விசாரிக்க முறை இருக்கிறது, அதற்குப் பயந்து வாசிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

மே 26, ஞாயிறு

வாசிக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன். வதனி முக்காடு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பெஞ்சில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. ஆண்கள் பக்கம் தனசிங் வெள்ளைச் சட்டையில் இருந்தான். அறிவிப்பு நேரம் வந்தது. ஐயர் கண்ணாடியைப் போட்டார். கோயில் மாமரங்களின் ஏலம் வெள்ளிக்கிழமை என்று வாசித்தார். விடுமுறைப் பள்ளி நிறைவு விழா இந்த வருஷம் இல்லை என்று வாசித்தார். தேசத்தின் துக்கத்துக்காக ஜெபிக்கும்படி பேராயர் கேட்டிருப்பதை வாசித்தார். ஞானதுரை முன் பெஞ்சைப் பிடித்து, எழும்பத் தயாராகக் கால்களை ஊன்றிக்கொண்டார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். காணிக்கைப் பாட்டுக்கு எண் சொன்னார்.

கோயிலில் ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லோரும் சேர்ந்து விட்ட மூச்சு. ஞானதுரை பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பாட்டுப் புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை. வதனி என் பக்கம் குனிந்து, "அம்மா, பாட்டுக்குப் பிறகு வாசிப்பாரோ?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. "ஆமா மக்கா" என்றேன். பாட்டு முடிந்தது. ஆசீர்வாதமும் முடிந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "ஏன் வாசிக்கல?"

"வாசிச்சா அவரு எந்திரிப்பாரு. அந்தப் புள்ள முன்னாலயே அவ அண்ணன் கதைய ஊர்ப்பட்ட சனத்துக்கு முன்னால சொல்லுவாரு. சபை ரெண்டாப் பொளந்துரும் சுகிர்தா. ரெண்டு வாரம் போகட்டும்."

"புதன்கிழமை கலியாணம்."

அவர் குழம்பு கேட்டார். ஊற்றினேன். எப்படி ஊற்றினேன் என்று தெரியவில்லை, ஆனால் ஊற்றினேன்.

மே 27, திங்கள்

இரண்டு போலீஸ் ஜீப். காலையில், இட்லி வேகும் நேரத்தில்.

யோகராசா கோயிலுக்குள் கடைசி பெஞ்சில் வேலையாக இருந்தார். அங்கிருந்து கூட்டி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை, நாற்காலிகூடக் கேட்டுத்தான் உட்கார்ந்தார். "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"இவ ஒராள்தான்."

"பையன்? பதினாறு வயசுல இயக்கத்துக்குப் போனானே, அவன்?"

யோகராசாவின் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது, உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

உள்ளே இருந்தே கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயரிடம், "சார், நீங்கதான் பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்பவும் பொறுப்பு எடுத்துக்கிறீங்களா? எடுத்துக்கிட்டா பொண்ணு இங்கயே இருக்கட்டும், அப்பாவை மட்டும் விசாரிச்சுக்கிறோம்" என்றார்.

ஐயர் தொண்டையைச் செருமினார். "கையெழுத்துப் போட்டது நாந்தான். ஆனா... கமிட்டி தீர்மானம் இல்லாம நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

கமிட்டியா! கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எந்தக் கமிட்டியைக் கேட்டார்? நான் ஓடி வந்து வெளியே நின்றேன். "என்னங்க, சொல்லுங்க. பொறுப்புன்னு சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லைபோல.

யோகராசா கடைசியாக ஒன்று கேட்டார். பெஞ்சில் ஆணிகள் பாதி அடித்தபடி நிற்கிறதாம், பிள்ளைகள் உட்கார்ந்தால் கிழித்துவிடும், அதைப் பிடுங்கிவிட்டு வரலாமா என்றார். ஒரு போலீஸ்காரர் கூடவே போனார். பிடுங்கிவிட்டு வந்தார். அப்பாவை ஒரு ஜீப்பிலும் மகளை இன்னொன்றிலும் ஏற்றினார்கள். அவருக்குத் தனி முகாமாம், அவளுக்கு அந்தப் பழைய தகரக் கொட்டகையாம். பிரித்துப் போடுவார்கள் என்று அவர் பயந்தது சரியாகத்தான் இருந்தது. வதனி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போய் வருகிறேன் என்றுகூட.

மே 28, செவ்வாய்

யார் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள்? ஞானதுரையா? டீக்கடைக்காரரா? கல் எறிந்த பயல்களா? அந்த வயது பதினாறு என்பதுகூடச் சரியாகச் சொல்லியிருக்கிறார்களே. படுபாவிகள்.

சங்கத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மே 29, புதன்

இன்றைக்குக் கல்யாணம்.

பந்தல்காரர் விஷயம் தெரியாமல் மூங்கிலோடு வந்துவிட்டார். அன்னபாக்கியம் அவரைத் திட்டித் தீர்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். ஞானதுரை வீட்டு ஆடு அவர் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

பத்து மணிக்குத் தனசிங் வந்தான். கல்யாணச் சட்டையைத்தான் போட்டிருந்தான், வேறு நல்ல சட்டை இல்லையோ என்னவோ. கத்துவான், ஐயரை நாலு வார்த்தை கேட்பான் என்று பயந்தேன். கேட்டிருந்தால் தேவலை.

"ஐயா, மூணாம் ஓலைய வர்ற ஞாயித்துக்கெழம வாசிங்க" என்றான்.

"தம்பி, பொண்ணு இங்க இல்லியே" என்றார் ஐயர்.

"ரெண்டு ஓலை வாசிச்சிட்டிய. முடிச்சிக் குடுக்கணும். நீங்க சர்ட்டிபிகேட் தந்தா நான் முகாம் ஆபீசர்ட்ட கொண்டுபோய்க் காட்டுவேன். எனக்கு நிச்சயிச்ச பொண்ணுன்னு சொல்லிக் கேப்பேன். அண்ணன் இயக்கத்துக்குப் போனது எனக்கும் தெரியும் ஐயா. எனக்கு அவ சொல்லிட்டா. நான் எங்கம்மாட்டகூடச் சொல்லல."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐயரைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது.

ஜூன் 2, ஞாயிறு

வாசித்தார்.

"தனசிங், ரூபவதனி" என்று தெளிவாகவே வாசித்தார். இது மூன்றாம் ஓலை, இவர்கள் சேரக் கூடாது என்பதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லட்டும் என்றார். சொல்லிவிட்டு ஞானதுரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழும்பட்டும், எழும்பி அந்த நல்ல குரலில் சொல்லட்டும், மனசாட்சி கேட்காது என்றாரே.

ஞானதுரை பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பியூலா விசிறிக்கொண்டிருந்தாள். ஒருவரும் எழும்பவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

எனக்குப் போன ஞாயிறைவிட இதுதான் பேரிடியாக இருந்தது. போன ஞாயிறு பயம் என்று சொல்லலாம். இன்றைக்கு என்ன சொல்வது? அவள் இந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது தடை இருந்தது. அவள் முள்வேலிக்குப் பின்னால் போனதும் தடை நீங்கிவிட்டது. அப்படியானால் தடை என்று இவர்கள் சொன்னது அண்ணனை அல்ல. அவளையே.

வெளியே வரும்போது ஞானதுரை ஐயரின் கையைக் குலுக்கினார். "நல்ல காரியம் செஞ்சிய ஐயா. அந்தப் பையனுக்கு ஒரு ஆறுதல்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். எச்சில் துப்ப வேண்டும்போல வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஜூன் 5, புதன்

தனசிங்கோடு முகாமுக்குப் போய் வந்தேன். ஐயர் வரவில்லை. சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போ என்றார்.

இரண்டு பஸ் மாறினோம். காவலுக்கு இருந்தவர் உள்ளே விடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொள்ளலாம் என்றார். வதனி வந்தாள். ஒரு வாரத்தில் ஒரு ஆள் இப்படி இளைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம்.

ஞானதுரை தடை சொல்வேன் என்று மிரட்டியதைத் தனசிங் அவளுக்குச் சொன்னான், பிறகு சர்ட்டிபிகேட்டை விரித்துக் காட்டினான். "மூணாம் ஓலை வாசிச்சாச்சி. யாரும் தடை சொல்லல" என்றான், கண்ணில் தண்ணீரோடு.

அவள் படித்தாள். "எப்ப வாசிச்சவர்?"

"ஞாயித்துக்கெழம."

"ஞானதுரை ஐயா எழும்பேல்லையோ?"

"இல்ல."

"ஒருத்தருமோ?"

நான் தலையசைத்தேன். அவள் சிரித்தாள். அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"தனசிங், நான் உங்களைத்தான் கட்டுவன். எப்ப விடுகினமோ அப்ப. ரிஜிஸ்தர் கந்தோரில எண்டாலும் சரி, இந்த வேலியடியில எண்டாலும் சரி" என்றாள். "அந்தக் கோயில்ல வேண்டாம். அவையள் முன்னால நான் வந்து நிக்கமாட்டன்." பிறகு வேலிக் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி அந்தத் தாளை அவன் சட்டைப் பையிலேயே மடித்து வைத்தாள். அவன், "எங்கன்னாலும் சரி" என்றான்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் திரும்பினாள். நான் முந்திக்கொண்டு பேசினேன். பியூலாதான் என்றேன். ஜெபத்தில் வைத்ததை வெளியே கொண்டுபோவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றேன். நான் பெயர்கூடச் சொல்லவில்லை என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அம்மா, அண்ணாவைப் பற்றி இந்த நாட்டில ரெண்டு பேருக்குத்தான் சொன்னனான்" என்றாள். "இவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஊறுகாய் பாட்டில் என் கையிலேயே இருந்தது. நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன், காவல்காரர் திரும்பிப் பார்த்தார். "மக்கா, நான் ஒனக்காக ராப்பகலா ஜெபம் பண்ணுதேன்" என்றேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்?

"வேண்டாம் அம்மா" என்றாள். கோபமே இல்லை குரலில். "என்ர பேரை அங்க ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ. ஜெபத்திலயும் சொல்லாதேங்கோ. அது ஒண்டுதான் உங்களிட்டக் கேக்கிறன்."

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஐயர் தேசத்துக்காக ஜெபித்தார், சபைக்காக ஜெபித்தார். பிறகு குரல் இறங்கியது. "ஆண்டவரே, எங்கள் பிள்ளை..." என்று தொடங்கினார்.

நான் கண்ணைத் திறந்தேன். அவர் வாயைக் கையால் பொத்தினேன். இத்தனை வருஷத்தில் ஜெபத்தின் நடுவில் அவரைத் தொட்டதில்லை. "சொல்லாதிங்க" என்றேன். "அவ பேரச் சொல்ல நமக்கு உரிமை இல்ல."